புதுமைப்பித்தனின் ஆரம்பக் கதைகள்

புதுமைப்பித்தன் என்றாலே 1943-ல் வந்த ‘காஞ்சனை’யையும் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையையும் எடுத்துக்கொண்டு சிலாகிப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டபடியால், அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன், 1934-ல், முப்பது வயதைத் தொடாத வாலிபராக அவர் எழுதிய கதைகளை நிதானமாக மறுபடி வாசிக்க நேர்ந்தபோது எனக்கு உண்டான பிரமிப்பை இங்கே சொல்லத் தோன்றுகிறது.

‘மணிக்கொடி’ இதழில் வந்த ‘பொன்னகரம்’ சில பக்கங்களே கொண்டது. ஆலையில் வேலை செய்யும் அம்மாளு, குதிரை வண்டி குடைசாய்ந்து அடிபட்டுக் கிடக்கும் புருஷன் பால்கஞ்சி கேட்க, கையில் காசில்லாமல் இருண்ட சந்தொன்றில் தன்னையே விற்கிறாள் என்பதை, கண்ணீரோ உபதேசமோ கலவாமல், ஏறக்குறைய ஒரு நகர வர்ணனையின் அலட்சிய பாவத்தோடு அவர் சொல்லிச் செல்லும் சாமர்த்தியம் அபூர்வமானது. கதை முடிந்த இடத்தில் ஆசிரியரே முன்வந்து கற்பைப் பற்றி வாசகனைச் சாடுகிறாரே, அது கலைக்கு அவசியமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஆயினும் அந்த ஆவேசம் இல்லாத புதுமைப்பித்தனை நான் இவ்வளவு விரும்பியிருப்பேனா என்பதும் சந்தேகமே.

அதே வருஷத்து ‘தெருவிளக்’கில் இந்த உரத்த குரல் இல்லை. அகற்றப்படவிருக்கும் ஒரு பழைய விளக்கு, அதனிடம் பற்று வைத்த ஒரு கிழவன், அவ்வளவுதான் விஷயம். பிரசித்தி பெற்ற கதைகளை மட்டும் படித்த நண்பர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.