மோந்து பார்

சூடான சால்டரிங் அயர்னின் முனை பட்டதும் பச்சைப் போர்டிலிருந்து நூல் மாதிரிப் புகை எழுந்தது. அதில் மீன் வாடை அடித்தது. கருகல் வாடை இல்லை, பிளாஸ்டிக் தீயும் நெடியும் இல்லை. காலையில் கரைக்கு வந்து, மத்தியானம் வரை விலை போகாமல் கிடந்த மீனின் வாடை. குனிந்து இன்னொரு தரம் மோந்து பார்த்தேன்.

“வருதா சார்?” என்றார் ரிப்பேர்காரர்.

“வருது.”

“அப்போ கண்டென்சர் ஒழுகியிருக்கு. மீட்டர் வெக்கிறதுக்கு முன்னாடியே மூக்கு சொல்லிடும்.”

சென்னை ரிச்சி தெருவின் மாடியறை ஒன்றில் நடந்தது இது. மேஜைமேல் கிடந்தது என் ஜீப்பின் ஈ.சி.எம். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி விழ வேண்டும் என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும் பெட்டி. சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு சித்தப்பா ஊர் திரும்பியபோது கப்பலில் வந்த ஜப்பான் வண்டி அது. 1991இல் செய்தது. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் அவரோடு அதில்தான் முதன்முதலில் ஏறினேன். அவர் போன பிறகு வண்டி என்னிடம் வந்தது.

கோடையில் அதற்கு நோய் கண்டது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். எஞ்சின் சூடேறியதும் ஐட்லிங் நிலைகொள்ளாது. எழுநூறில் நிற்க வேண்டிய முள் ஆயிரத்தைந்நூறுக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும். பிறகு சிக்னலில் அப்படியே அணைந்துவிடும். பிளக் மாற்றினோம், ஃபில்டர் மாற்றினோம், பெட்ரோல் பம்ப் மாற்றினோம். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடச் சொன்னார்கள். சாவியைத் திருப்பிய உடனே ஒரு வினாடியாவது எரிய வேண்டிய எஞ்சின் விளக்கு எரியவே இல்லை என்பதைக் கவனித்தவர் எங்கள் தெரு மெக்கானிக்தான். “பல்பு நல்லா இருக்கு. அதை எரியச் சொல்ற ஆளுக்குத்தான் உடம்பு சரியில்ல,” என்றார். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, மூன்று கப்ளர்களை உருவிப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் கெட்டிப் பொருள்: செம்பு, சிலிக்கான், ஈயம், பீங்கான். நூறு வருடம் வைத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரமாக இருப்பது ஒன்றே ஒன்று, கண்டென்சர். இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே ஒரு காகிதம், காகிதம் ஊறியிருக்க ஒரு துளித் திரவம். எல்லாவற்றையும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, சுண்டுவிரல் நகம் அளவுள்ள குப்பிக்குள் திணித்து, அடியில் ரப்பர் வைத்து அடைத்திருப்பார்கள். வரும் மின்சாரத்தின் மேடு பள்ளத்தை நிரவி, சிப்புகளுக்குச் சீராகக் கொடுப்பது அதன் வேலை. வெயிலில் நிற்கும் வண்டியின் சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த கண்டென்சர்கள் பலவற்றில் குவாட்டர்னரி அமோனியம் வகை உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். வருடங்கள் போகப் போக உள்ளே காரம் உண்டாகி, அடைப்பின் ஓரமாகக் கசிந்து, போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். ரிப்பேர்காரர் குப்பியைப் பெயர்த்து எடுத்த இடத்தில் பச்சை மங்கிக் கறுத்திருந்தது. லென்ஸ் வழியாகக் காட்டினார். தலைமுடி அளவுள்ள இரண்டு கோடுகள் பாதி வழியில் காணாமல் போயிருந்தன. சூடு பட்டதும் அந்தக் கசிவிலிருந்து கிளம்புவது அமீன் வகை வாயு. மீன் வாடையும் அமீன்தான்.

இதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டேன்.

அப்பாயி மீன் வாங்குவதை நான் ஏழெட்டு வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கூடைக்காரி எவ்வளவு சத்தியம் பண்ணினாலும் அப்பாயி காதில் வாங்க மாட்டாள். ஒரு மீனை எடுத்து இடது உள்ளங்கையில் கிடத்துவாள். வலது கட்டைவிரலால் செவுளைத் தூக்குவாள். உள்ளே செம்பருத்திச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு. அவ்வளவுதான் தீர்ப்பு. “இது நேத்திய மீனு. எடுத்துட்டுப் போ.” எனக்கும் அந்த விரலை நீட்டுவாள். “நீயும் மோந்து பாரு. கடலு வாசம் வந்தா வாங்கு. மீனு வாசம் வந்தா வாங்காத.” மீனிடமிருந்து மீன் வாசம் வரக் கூடாது என்றது அந்த வயதில் எனக்குப் பெரிய புதிராக இருந்தது. “கடல்ல இருக்கிற வரைக்கும் மீனு நாறாதுடா,” என்பாள்.

கொல்லையில் உட்கார்ந்து, கல் உப்பும் மஞ்சளும் போட்டு, சொரசொரப்பான மண்சட்டியில் துண்டுகளை உரசிக் கழுவுவாள். கடைசி அலசல் புளித்தண்ணியில். குழம்புக்கும் கரைத்த புளி கெட்டியாக இருக்க வேண்டும். அந்தக் குழம்பு மறுநாள்தான் ருசியின் உச்சத்துக்கு வரும். சாப்பிட்டு எழுந்ததும் பிழிந்துவைத்த புளிச்சக்கையை எடுத்து என் விரல் இடுக்கெல்லாம் தேய்ப்பாள். சோப்புக்குப் போகாத வாசம் புளிக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்: “புளிக்கு அது கட்டுப்படும்.”

அவள் சொன்ன இரண்டும் எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதைப் பின்னாளில் வேதியியல் வகுப்பில் படித்தேன். கடலின் உப்பைத் தாக்குப்பிடிக்க மீன்கள் தங்கள் உடம்பில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருளை வைத்திருக்கின்றன. அதற்கு வாசமே கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை ட்ரைமெத்திலமீனாக மாற்றும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அது காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகி மூக்குக்கு வராது. புளி, எலுமிச்சை, கேரளத்துக் குடம்புளி, யாழ்ப்பாணத்துப் பழப்புளி என்று மீனோடு உறவாடிய ஊரெல்லாம் புளிப்பைக் கையில் எடுத்தது இதனால்தான்.

மகாபாரதமும் ஒருவகையில் மீன் வாடையில் தொடங்குகிற கதை. யமுனையில் ஓடம் தள்ளிய மச்சகந்தியின் உடம்பில் அந்த வாடை இருந்தது. பராசரர் அதை மாற்றி, ஒரு யோசனை தூரம் மணக்கும் பெண்ணாக்கினார். யோசனகந்தி என்று பெயர் வந்தது. அவள் பெற்ற பிள்ளைதான் வியாசர். சின்ன வயதில் இந்தக் கதையை அப்பாயி சொல்லும்போதெல்லாம், அந்த முனிவர் கையிலும் கொஞ்சம் புளி இருந்திருக்கும் என்று மனதார நம்பினேன்.

ரிப்பேர்காரர் என்னை ஜீப்புக்குத் திரும்ப அழைத்தார். கோடுகள் இவ்வளவு தூரம் அரித்துப்போன போர்டை நம்பி மலை ஏறக் கூடாது, வேறு பெட்டி தேட வேண்டும் என்றார். “லேபிள்ல இருக்கற நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகணும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி பெட்டிய மாட்டிடாதீங்க.” அங்கிருந்து புதுப்பேட்டைக்கு நடந்தே போனேன். அறுத்த வண்டிகளின் கதவும் பம்பரும் கிராங்கும் வாசல் வரை அடுக்கியிருக்கும் கடைகளில், நாலாவது கடை பாய் லேபிளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “இந்த நம்பர் இங்க வராது தம்பி. கொழும்புல பஞ்சிகாவத்தைன்னு ஒரு இடம், நம்ம புதுப்பேட்டை மாதிரியே. அங்க சொல்லி வைக்கிறேன்.” மூன்றாவது வாரம், செய்தித்தாளில் சுற்றி ஒரு பெட்டி வந்தது. லேபிள் எழுத்துக்கு எழுத்து ஒத்தது. சாவிக்குள் சிப் வைத்து வண்டியோடு பழக்கும் பூட்டெல்லாம் வருவதற்கு முந்திய காலத்துப் பெட்டி. எண் ஒத்தால் போதும், மாட்டிவிடலாம்.

ஆனால் ரிப்பேர்காரர் மாட்ட விடவில்லை. “இதுக்கும் அதே வயசுதானே சார்?” என்று மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தார். லேசாக வந்தது. செவுள் சிவப்பு இன்னும் போகாத மீன் என்று எனக்குத் தோன்றியது. நாலு கண்டென்சரையும் ஒவ்வொன்றாக இறக்கினார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். உள்ளே இருந்தது ஊறுகாய்க்கு ஊற்றும் வெள்ளை வினிகர்! காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கசிந்த இடத்தைத் துடைத்தார். “காரத்துக்குப் புளிப்பு. அதுக்குத்தான் கட்டுப்படும்,” என்றார்.

என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அதே சொல், அதே வேலை. நாகப்பட்டினத்துக் கொல்லையில் ஒரு கிழவியும் ரிச்சி தெரு மாடியில் ஒரு மனிதரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இருவருமே மூக்கை நம்பி நடந்தவர்கள். வண்டியை உடைக்கச் சொன்ன ஒர்க்‌ஷாப்பில் கருவிகளுக்குக் குறைவில்லை. பெட்டியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோக ஒருவருக்குத் தோன்றவில்லை. பழுதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிறவர் இல்லாமல் போனதால் செத்துப்போன பொருள்கள் எத்தனையோ என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

வினிகருக்குப் பிறகு டிஸ்டில்டு வாட்டர், அதற்குப் பிறகு ஆல்கஹால். எண்பத்தைந்து டிகிரி தாங்கும் பழைய குப்பிகள் இருந்த இடத்தில் நூற்றைந்து டிகிரி தாங்கும் புதியவை. மெக்கானிக் மாட்டினார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் விளக்கு எரிந்தது, அணைந்தது. முள் எழுநூறில் வந்து நின்று அசையவே இல்லை. அன்று சாயங்காலம் சிந்தாதிரிப்பேட்டைக்கு நடந்தேன். 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய சின்னத் தறிப் பேட்டை அது. தறிச் சத்தம் போய்விட்டது, மீன் மார்க்கெட் இருக்கிறது. ரிச்சி தெருவிலிருந்து அங்கே போக ரொம்ப நேரம் ஆகாது. சங்கரா மீனின் செவுளைத் தூக்கி, விரலை மோந்து, கண்ணை மூடினேன். கடல் வாசம் வந்தது.

புதிய கண்டென்சர்களும் ஒரு நாள் கசியும். அப்போது வண்டி யார் கையில் இருக்குமோ தெரியாது. அதனால் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு காகிதம் ஒட்டிவைத்திருக்கிறேன். மாற்றிய தேதி, நாலு குப்பிகளின் அளவு, வினிகர் என்ற ஒரு சொல். அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: முதலில் மோந்து பார்.