எந்த நேரத்தில் நடுங்குகிறது?



கார் என்ஜினைப் பற்றி நான் எழுதுவேன் என்று உங்களில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் போன மாதம் ஒரு காரின் கோளாறை உங்களில் ஒருவர் கண்டுபிடித்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் எதைச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டோமோ, அது அத்தனையும் அதில் இருந்தது. கொஞ்சம் நீளமான பதிவு. டர்போ கார் வைத்திருப்பவர்கள் முழுவதும் படியுங்கள்.

என் தங்கை மகனிடம் ஒரு கார் இருக்கிறது. 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ பெட்ரோல். செகண்ட் ஹேண்டில் ஆசைப்பட்டு வாங்கியது. சில மாதங்களாக அதற்கு ஒரு வியாதி. சிக்னலில் நின்றால் வண்டி நடுங்கும். ஆர்.பி.எம். முள் 600க்கும் 900க்கும் நடுவே ஊசலாடும். சில நேரம் அப்படியே ஆஃப் ஆகிவிடும். சைலன்சர் வாயை விரலால் தடவினால் கரி அப்பிக்கொள்ளும். பெட்ரோல் வாடை வேறு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 8க்கு இறங்கிவிட்டது. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிரந்தரமாக எரிந்தது.

ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினான். எந்த ஒர்க் ஷாப் என்பது நமக்கு வேண்டாம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்ததில் பி 0172 என்ற கோடு வந்தது. கலவையில் பெட்ரோல் அதிகம், அதாவது 'ரிச்' என்று அதற்கு அர்த்தம். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். இரண்டு நாள் விளக்கு அணைந்திருந்தது, மறுபடி எரிந்தது. நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். அப்போதும் அதே கதை. மூன்றாவது தடவை, "இன்ஜெக்டர் செட்டு போயிருக்கும், டர்போவும் போயிருக்கும், ரெண்டையும் மாத்திரலாம்" என்று ஒன்றரை லட்சத்துக்குக் கணக்கு கொடுத்தார்கள். மருமகளின் சங்கிலியை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது என்று தங்கை போனில் அழுதாள். ரெண்டு நாள் பொறு என்று சொல்லிவிட்டு நம் மாணவரைக் கூப்பிட்டேன். மதுரையில் சின்னதாக ஒரு ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

வண்டி வந்ததும் அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. என் தங்கை மகனை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த நேரத்துல நடுங்குது தம்பி? நிக்கும்போதா, ஏத்தத்துல மிதிச்சு ஏறும்போதா?"

"நிக்கும்போதுதாண்ணே. ஹைவேல போனா ஒண்ணும் தெரியல. பிக்கப்பும் பழையபடிதான் இருக்கு."

"எப்பவும் ஒரே மாதிரியா, இல்ல சில நாள் கூடுதலா?"

அவன் யோசித்துவிட்டு, "டேங்க் ஃபுல் பண்ணுன அன்னைக்கு ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும்" என்றான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், டர்போ மேல எனக்குச் சந்தேகம் போயிருச்சு" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை நம் பள்ளிக்கூட மொழியில் சொல்கிறேன்.

சத்துணவு நினைவிருக்கிறதா? காலையில் தலைகளை எண்ணி அமைப்பாளருக்குக் கணக்கு அனுப்புவோம். அந்த எண்ணிக்கைக்கு அரிசி அளந்து உலையில் போடுவார்கள். பெட்ரோல் என்ஜினும் அதையேதான் செய்கிறது. உள்ளே போகும் காற்றுதான் பிள்ளைகள். பெட்ரோல்தான் அரிசி. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்தால் இந்த எண் சற்றுக் குறையும். காற்றை எண்ண ஒரு சென்சார் இருக்கிறது. சில கார்களில் அது ஓடும் காற்றின் அளவைப் பார்க்கும், சில கார்களில் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும். அதை வைத்து என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. புகை வெளியேறும் வழியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், சாப்பாடு மிஞ்சியதா, பற்றவில்லையா என்று திருப்பிச் சொல்கிறது.

இப்போது சாப்பாடு மிஞ்சுகிறது என்றால் என்னென்ன காரணம் இருக்கலாம்?

எண்ணி முடித்த பிறகு பத்துப் பிள்ளைகள் சுவரேறிக் குதித்துப் போயிருக்கலாம். டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் கிழிந்தால், காற்றின் அளவை எண்ணும் வகைக் கார்களில் இதுதான் நடக்கும். எண்ணப்பட்ட காற்று வெளியே ஓடிவிடும், பெட்ரோல் மட்டும் முழு அளவு வரும். எண்ணுகிற ஆளே தப்பாக எண்ணலாம். அது சென்சார் கோளாறு. அளக்கும் படி ஓட்டையாக இருக்கலாம். அது ஒழுகும் இன்ஜெக்டர். நான்காவதாக, யாரோ கணக்கில் வராத பொட்டலச் சாப்பாட்டைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம்.

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி. 1905இல் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை வாங்கிய யோசனை. வண்டி சும்மா நிற்கும்போது புகை குறைவு. விசிறி மெதுவாகத்தான் சுற்றும், அழுத்தம் ஏறாது. ஆகவே டர்போவிலோ அதன் ஹோஸிலோ கோளாறு என்றால், மிதிக்கும்போதுதான் வண்டி முதலில் முனகும். பிக்கப் குறையும், சீறல் சத்தம் கேட்கும். இந்த வண்டி மிதித்தால் நன்றாக ஓடுகிறது, நின்றால் நடுங்குகிறது. அதனால்தான் அந்த ஒரே கேள்வியில் டர்போ மீதான சந்தேகம் போய்விட்டது.

ஆனால் அவர் யூகத்தோடு நிற்கவில்லை. ஸ்கேனரை மாட்டினார். கோடைப் படிக்க அல்ல. "கோடு தெர்மாமீட்டர் மாதிரி சார். காய்ச்சல் 102ன்னு சொல்லும். டெங்குவா டைபாய்டான்னு சொல்லாது" என்றார். அவர் பார்த்தது ஓடிக்கொண்டிருக்கும் எண்களை.

முதலில் என்ஜின் வெப்பம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் கெட்டு, என்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது என்று சொன்னால் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். இங்கே இரண்டும் 30 டிகிரிப் பக்கம். அது சரி.

பிறகு என்ஜினைச் சூடாக்கி, பெட்ரோல் திருத்த எண்களைப் பார்த்தார். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பது சதவீதத்தில் தெரியும். உடனடித் திருத்தம் ஒன்று, பழகிப்போன திருத்தம் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது ஒன்று மைனஸ் 15, மற்றது மைனஸ் 10. ஆக, தன் கணக்கில் கால் பங்கைக் குறைத்துக்கொண்டும் கம்ப்யூட்டரால் சமாளிக்க முடியவில்லை. 2,500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்ததும் கூட்டுத்தொகை மைனஸ் 4 ஆகிவிட்டது. நிறையக் காற்றும் பெட்ரோலும் போகும்போது மறைந்துவிடுகிற, குறைவாகப் போகும்போது பெரிதாகத் தெரிகிற ஏதோ ஒன்று உள்ளே நுழைகிறது. பொட்டலச் சாப்பாடு!

அது எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் டேங்கில் எழும் ஆவி காற்றில் கலக்காமல் இருக்க, கரி நிரப்பிய ஒரு டப்பாவில் பிடித்து வைக்கிறார்கள். அங்கிருந்து ஒரு குழாய் என்ஜினுக்குப் போகிறது. நடுவில் பர்ஜ் வால்வு என்று ஒரு சின்ன வால்வு. கம்ப்யூட்டர் சொன்னால் மட்டும் திறந்து ஆவியை அனுப்ப வேண்டும். அது மூடாமல் சிக்கிக்கொண்டால், சும்மா நிற்கும் என்ஜினின் உறிஞ்சலில் ஆவி போய்க்கொண்டே இருக்கும். டேங்க் நிரப்பிய அன்று ஆவி அதிகம். அன்றைக்கு அடம் பிடித்ததற்குக் காரணம் புரிகிறதா?

அவர் அந்தக் குழாயை ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கம் அடங்கியது. ஸ்கேனரில் மைனஸ் 15 மெல்ல ஏறி, பூஜ்ஜியத்தைத் தாண்டி, பிளஸ் 9இல் நின்றது. பழகிப்போன மைனஸ் 10 அப்படியே இருந்தது. கூட்டிப் பாருங்கள், மைனஸ் 1. கணக்கு நேராகிவிட்டது. பிறகு வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கரன்ட் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். ஊதினால் காற்று தாராளமாகப் போனது. இதில் சரியாகாமல் இருந்தால் அடுத்து பெட்ரோல் பிரஷர், அதற்கடுத்துதான் இன்ஜெக்டர் என்று வரிசை வைத்திருந்தார். கடைசியில் வண்டியை ரோட்டில் ஓட்டி, டர்போவிடம் கேட்ட அழுத்தமும் அது கொடுத்த அழுத்தமும் ஒன்றாக இருப்பதையும் காட்டினார்.

வால்வு மூவாயிரத்துச் சொச்சம். பாவம், அந்தப் பழைய ஆக்ஸிஜன் சென்சார். நடந்ததை நடந்தபடி சொன்ன ஒரே ஆள் அதுதான். அதைத்தான் முதலில் வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

என்ஜின் ஆயிலையும் மாற்றச் சொன்னார். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கி, அதை நீர்த்துப்போக வைக்கிறது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். இப்படியே ஓட்டியிருந்தால், குற்றம் செய்யாத டர்போ உண்மையிலேயே கெட்டிருக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் எரியாத பெட்ரோலால் சூடேறிப் பாழாகியிருக்கும். ஆகவே "ஓடுறவரைக்கும் ஓடட்டும்" என்பதும் சரியான யோசனை இல்லை.

காசு கொடுக்கும்போது வால்வு, ஆயில் விலை மட்டும் வாங்கிக்கொண்டு, "பார்த்ததுக்கு எதுக்கு சார்?" என்றார். விடவில்லை, கொடுத்தேன். அப்போது அவர் சொன்னது மனதில் தைத்தது.

"ரெண்டு மணி நேரம் உக்காந்து கண்டுபிடிச்சதுக்கு ஐந்நூறு கேட்டா, ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குன்னு கேப்பாங்க சார். அம்பதாயிரத்துக்குப் பொருள் மாத்துனா கேள்வி கேக்காம தருவாங்க. அப்புறம் கடைக்காரன் என்ன செய்வான்? பொருளைத்தான் மாத்துவான்."

யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் போய் மாத்திரை எழுதித் தரவில்லை என்று கோபிக்கிறோம். மூளைக்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. அந்த ஐந்நூறைக் கொடுக்கத் தயங்கினால், ஒன்றரை லட்சத்துக்குச் சங்கிலி அடகுக்குப் போகும்.

டர்போ வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். கோளாறு வந்தால் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: நிற்கும்போதா, மிதிக்கும்போதா? குளிர்ந்திருக்கும்போதா, சூட்டிலா? பெட்ரோல் போட்ட பிறகா? கடைசியாக என்ன வேலை பார்த்தது? அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, "எந்தச் சோதனையை வைத்து இந்தப் பொருள் கெட்டது என்று சொல்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பங்க்கில் பம்பு தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். "ரவுண்டு பண்ணிருங்க" என்று கழுத்துவரை நிரப்பினால், திரவப் பெட்ரோலே அந்தக் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும்.

சங்கிலி மருமகள் கழுத்திலேயே இருக்கிறது. கரி டப்பாவையும் அடுத்த வாரம் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், தங்கை மகன் வண்டியை எடுத்துப் போகிறான்.

எல்லோரும் நலமாக இருங்கள். நிதானமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்