கணினியின் சோம்பல்

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய நாள்காட்டி ஆல்பங்கள் வெளியாவதைத் தாங்கள் அறிவீர்கள். அவற்றுக்குப் பக்கம் வடிவமைப்பதே எங்கள் பிழைப்பு. சென்ற ஆண்டு, அந்த நெருக்கடியில் எங்கள் கணினி துவங்கவே 6 நிமிடங்கள் ஆயிற்று. பழுது பார்ப்பவர் புதியது வாங்கச் சொன்னார். கையிலிருந்ததோ மகளின் கல்லூரிக் கட்டணம்.

“பொறுங்கள், அத்தா” என்று மகள் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினாள். விண்டோஸிலேயே உள்ள டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதன் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினியோடு தாமாகவே எழும் நிரல்களும் அவை தரும் சுமையும் தெரியும். எங்களிடம் 14! என்றோ ஒருநாள் பயன்பட்டவையே பெரும்பாலும். வைரஸ் தடுப்பைத் தொடாமல், 9 நிரல்களை ‘டிசேபிள்’ செய்தாள். (நிரல் அழியாது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.) ‘ஈவென்ட் வியூவர்’ பதிவேட்டில் 100 என்னும் எண்ணுள்ள குறிப்பு, துவக்க நேரத்தை மில்லி செகண்டில் காட்டும். மறுநாள் பார்த்தோம்: 2 நிமிடத்துக்கும் குறைவு. கட்டணத்தை அந்த வாரமே செலுத்தினோம்.