அருகில் ஓர் இடம்



தியானப் பகுதி: அப்போஸ்தலர் 8:26-40

கிராம சபைகளில் ஆராதனை நடத்தச் செல்லும்போது, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நான் பயணம் செய்வதுண்டு. தாமிரபரணியைக் கடந்து விரையும் வடமாநில லாரிகளைக் காணும்போதெல்லாம் 2020-ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது.

அவ்வாண்டு மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. இரயில்களும் பேருந்துகளும் நின்றன. வேலையிழந்த தொழிலாளர்கள் பலர் தங்கள் ஊர்களை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நம் மாவட்டத்திலும், கூடங்குளம் அணுமின் நிலையக் கட்டுமானப் பணியிலிருந்த வடமாநிலத்தவர் தங்களை ஊருக்கு அனுப்பும்படி மே மாதத்தில் போராடினார்கள்.

நடந்தவர்களுக்குச் சரக்கு லாரிகளே மிஞ்சின. மூட்டைகளின் மேலும் தார்ப்பாயின் அடியிலும் அவர்கள் பயணம் செய்தார்கள். மே 2 அன்று மத்தியப்பிரதேசத்தின் இந்தூர் அருகே காவலர்கள் ஒரு கான்கிரீட் கலவை லாரியை நிறுத்தினார்கள். மகாராஷ்டிராவிலிருந்து லக்னோவுக்குச் செல்லப் புறப்பட்ட 18 பேர், சிமெண்டு கலக்கும் அதன் உருளைக்குள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள்.

சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. மே 16 அன்று உத்தரப்பிரதேசத்தின் ஔரையாவில் நிகழ்ந்த லாரி விபத்தில் 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். ஆயினும், மனிதனை உருளைக்குள் ஒளியச் செய்த தேவைக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

வேதத்திலும் ஒரு வழிப்போக்கன் வாகனத்தில் ஏறுகிறான். எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழியில் பிலிப்பு இரதத்தை நோக்கி ஓடுகிறான். இரதத்தில் இருப்பவரோ எத்தியோப்பிய அரசியின் பொக்கிஷம் முழுவதற்கும் பொறுப்பான மந்திரி. முன்பின் அறியாத அம்மனிதனை அவர் ஏறிவந்து தம்மோடு உட்காரும்படி வேண்டிக்கொள்கிறார். சுமையோடு சுமையாக ஏற்றுவது வேறு. அருகில் இடம் கொடுப்பது வேறு. இடம் கொடுத்த அவரே அன்று நற்செய்தியைப் பெற்றார். சந்தோஷத்தோடே தம் வழியே போனார்.

அன்பானவர்களே, இன்றும் நம் வீடுகளைக் கட்டுகிறவர்களிலும் உணவகங்களில் பரிமாறுகிறவர்களிலும் வடமாநிலப் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியுமா? அவர்கள் நோயுற்றால் மருத்துவமனைக்கு உடன்செல்வோமா? கிறிஸ்துமஸ் விருந்தில் அவர்களுக்கு வாசலில் பொட்டலம் கொடுத்து அனுப்புவோமா, பந்தியில் நம் அருகே உட்கார வைப்போமா? இந்த வாரத்தில் அப்படி ஒருவரிடம் அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டறியுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, வழியில் நடப்பவரைக் காணும் கண்களையும், எங்கள் அருகில் அவருக்கு இடம் கொடுக்கும் மனதையும் தாரும். ஆமென்.