பாதிரியார் போட்ட பிள்ளையார் சுழி

ரிட்டயர் ஆனவன் கையில் நாலு காசு இருந்தால், கழுகுக்கு மூக்கில் வேர்ப்பது போல் நில புரோக்கருக்கு வேர்த்துவிடுகிறது. திருக்கழுக்குன்றத்து மலைக்குக் கழுகுகள் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது. அவையெல்லாம் ரியல் எஸ்டேட் தொழிலுக்குப் போய்விட்டன என்பது என் சொந்த அபிப்பிராயம்.

என்னிடம் வந்தவர் நல்ல சிரித்த முகம். "மாமல்லபுரத்துக்குப் பக்கம் சார். மொட்டை மாடியில நின்னா கடல் தெரியும்" என்றார்.

"மாடியே இல்லையேப்பா, வெறும் பொட்டல்தானே இருக்கு?"

"கட்டினா தெரியும் சார்!"

சகதர்மிணிக்குக் கடற்காற்று என்றால் உயிர். முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், பளிச்சென்று இருந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். பெண் கல்யாணத்துக்குப் போக மிஞ்சிய பணம்.

கொடுத்த பிறகுதான் புத்தி வந்தது. (எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.) செங்கல்பட்டில் என் பள்ளித் தோழன் ஒருவன் பத்திரம் எழுதியே தலை நரைத்தவன். நானும் அவனும் செயின்ட் கொலம்பாஸில் ஒரே பெஞ்ச். காகிதங்களைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, முப்பது வருஷம் போதாது. பழைய அ-பதிவேடு நகல் வாங்கிட்டு வா" என்றான். வாங்கி வந்தேன். சர்வே நம்பருக்கு எதிரே விரலை வைத்தான். "டி.சி. கண்டிஷன். பஞ்சமி நிலம்டா இது. நம்ம ஸ்கூல் பாதிரியாருங்க போட்ட பிள்ளையார் சுழி. நீ படிச்ச படிப்பு உன் வீட்டு மனைக்கே வந்து நிக்குது பாரு!"

பஞ்சமி என்றால் எனக்குத் திதிதான் தெரியும். அன்றைக்குத் தொடங்கி ஒரு மாதம் லைப்ரரியும் கையுமாக அலைந்தேன்.

ஆடம் ஆண்ட்ரூ என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஃப்ரீ சர்ச் மிஷனின் பாதிரியாராக நம் செங்கல்பட்டில் இருந்தார். சேரி ஜனங்களைச் சபையில் சேர்க்கத்தான் வந்தார். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அவருக்குச் சீக்கிரமே புரிந்துபோயிற்று. சேரியில் குடிசை நிற்கும் இடம்கூட மிராசுதாருடையது. படியாள் ஒருவன் கோயிலை மாற்றினாலும், கூலி கூடக் கேட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும் மறுநாள் குடிசை இருக்காது. தரிசு நிலத்துக்கு தர்க்காஸ்து போடலாம் என்றால் அதிலும் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. காலுக்குக் கீழே சொந்தமாக மண் இல்லாதவனிடம் பரலோகத்தைப் பற்றி என்ன பேசுவது?

இந்த ஃப்ரீ சர்ச்சின் பூர்வ கதையும் சுவாரஸ்யமானது. 1843-ல் ஸ்காட்லாந்தின் பழைய சபையிலிருந்து பிரிந்து வந்தவர்கள். அந்த ஊர் ஜமீன்தார்கள் சிலர், 'என் நிலத்தில் உனக்குக் கோயில் கட்ட இடம் கிடையாது' என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ரான்ஷியன் என்ற இடத்தில், நிலம் கிடைக்காமல், தண்ணீரில் மிதக்கும் கோயில் ஒன்றைச் செய்து அதில் ஜெபம் பண்ணியிருக்கிறார்கள்! நிலம் இல்லாதவன் பாடு தெரிந்த சபை. ஆண்ட்ரூ செங்கல்பட்டுப் பக்கத்தில் நிலம் பிடித்து ஏழைகளைக் குடியேற்றிய ஊர் இன்றும் இருக்கிறது. பெயர் மெல்ரோசாபுரம். மெல்ரோஸ் ஸ்காட்லாந்து, புரம் நம்முடையது.

ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்றவர்கள் எழுதி எழுதி சர்க்காரை நச்சரித்தார்கள். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த ஜனங்களின் நிலைமையைப் பற்றி ஒரு அறிக்கை அனுப்பினார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. கேட்டதையெல்லாம் அது கொடுத்துவிடவில்லை. நிலம் ஒதுக்குவது சூடு பிடித்தது அப்புறம்தான். நிபந்தனை மட்டும் கறார். பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாறலாம். மீறினால் விற்பனை செல்லாது. சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய மதராஸ் மாகாணம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டது என்பது இயக்கத்தார் சொல்லும் கணக்கு. எல்லாம் பாதிரிகள் புண்ணியம் என்று எழுதினால் பெரும்பிழை ஆகிவிடும். அயோத்திதாச பண்டிதரும், இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அதே காலத்தில் சங்கம் கூட்டிச் சர்க்காரிடம் உரிமை கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான்.

நெதர்லாந்தில் எஸ்.ஜி.பி. என்று ஒரு குட்டிக் கட்சி. 1918-ல் தொடங்கினார்கள், பைபிள்தான் கொள்கை விளக்கம், இன்றுவரை பார்லிமென்டில் மூன்று இடத்தைத் தாண்டியதில்லை. நம் ஊரில் கதை வேறு மாதிரி. ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் தலைவலி, நூறு வருஷம் கழித்து, அம்பேத்கரையும் பெரியாரையும் பேசுகிற விடுதலைச் சிறுத்தைகளின் கோரிக்கையாக ஈ.சி.ஆர். சுவர்களில் நிற்கிறது: 'பஞ்சமி நிலத்தை மீட்போம்!' பைபிள் வாசனை தெரியாது. மோந்து பார்த்தால்தான் தெரியும்.

நடுவில் ஒரு கசப்பான அத்தியாயம். 1994-ல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்து ஜனங்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டு இறங்கினார்கள். சேசு சபைப் பாதிரியார்கள் சிலரும் இந்த நில விவகாரத்தில் கூட நின்றார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. பெயர்களைப் பாருங்கள்.

அன்றைக்கு நான் இதே ஊரில்தான் இருந்தேன். சைக்கிளைச் சுற்று வழியில் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு, 'ஏதோ நிலத் தகராறு' என்று மடித்து வைத்தேன். அந்தப் பேப்பரை நான் சரியாகப் படித்திருந்தால் ஐம்பதாயிரம் மிச்சம்.

கடைசியாக ஒரு தடவை இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கல் நட்ட மனைக்குள் ஒரு அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சின்ன சிலுவை.

"வாங்கப் போறீங்களா ஐயா?"

"யோசிச்சிட்டிருக்கேம்மா."

"எங்க தாத்தா பேர்ல இருந்ததுங்க இது. அத்தை கல்யாணத்துக்கு முந்நூறு ரூவா கடன். வெத்துப் பேப்பர்ல கைநாட்டு வெச்சிட்டாரு."

தம்பி பானைச் சின்னக் கட்சியில் இருக்கிறாராம். 2021-ல் சிறுத்தைகள் நாலு தொகுதி ஜெயித்தார்கள். அதில் திருப்போரூர், செய்யூர் இரண்டும் நம் மாவட்டம். அப்போது தம்பி ராத்திரியெல்லாம் சுவர் எழுதினாராம். "நெலம் வந்தா நல்லதுதான். ஆனா நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, சர்டிபிகேட்டுல பி.சி. சித்தப்பா வூட்டுல போகல, அவங்க எஸ்.சி. வந்தாலும் யாருக்குக் குடுப்பாங்களோ!"

1950-ஆம் வருஷ ஜனாதிபதி உத்தரவின் வேலை இது. இந்துவுக்குக் கொடுத்த அட்டவணை அந்தஸ்தை 1956-ல் சீக்கியருக்கும், 1990-ல் பௌத்தருக்கும் நீட்டினார்கள். கிறிஸ்தவருக்கு இல்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபை தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்பியது. எந்தப் பாதிரியார் முட்டி மோதி இந்த நிலத்துக்கு வழி செய்தாரோ, அவருடைய கோயிலுக்குப் போன குடும்பம் வரிசையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஆடு மேய்க்கிறது. ஆண்ட்ரூ இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அந்த அம்மாள் என் பையைப் பார்த்தார். "அந்தப் பதிவேட்டு நகலு வெச்சிருக்கீங்களா? தம்பி ரொம்ப நாளா தேடறான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "வீட்டுல இருக்கும்மா" என்று பொய் சொன்னேன். பைக்குள்தான் இருந்தது. புரோக்கர் அன்று காலையில்தான் போன் பண்ணியிருந்தார்: "வேணாம்னா விடுங்க சார். வேற பார்ட்டி வருது. அவங்க தலையில கட்டிட்டு உங்க பணத்தைக் குடுத்துடறேன். நீங்க யாருகிட்டயும் வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

இரண்டு வாரம் தூக்கமில்லை. சகதர்மிணியிடம் சொன்னேன். "ஐம்பதாயிரமாச்சே!" என்றாள். அரை மணி கழித்து, "அந்த வேற பார்ட்டியும் ரிட்டயர் ஆனவராத்தான் இருக்கும், இல்ல?" என்றாள். இன்னும் அரை மணி கழித்து, "ஜெராக்ஸ் ரெண்டு காப்பியா எடுங்க" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். புரோக்கர் என்னை என்னென்னவோ சொன்னார். இந்தப் பத்திரிகையில் அச்சாகிற வார்த்தைகள் அல்ல. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

அக்காவும் தம்பியும் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார்கள். கூட்டத்தில் டோக்கனுக்கு நிற்க நானும் போனேன். மனுவில் யார் கையெழுத்து என்று அங்கேயே பேச்சு வந்தது. சித்தப்பா பையனையும் கூட்டி வந்திருந்தார்கள். கடைசியில் மூன்று பேருமே போட்டார்கள். சர்வேயர் ஒரு முறை வந்து அளந்தார். பிறகு மாற்றலாகிப் போனார்.

மனு ரசீதை அந்த அம்மாள் லாமினேட் பண்ணி வைத்திருக்கிறார். நம்பர் எனக்கும் மனப்பாடம். போன வாரம்கூட விசாரித்தேன். 'பரிசீலனையில்' என்றார்கள்.