பாம்பின் கால்

வீடு கட்டுகிறவர்களுக்கு வருகிற சந்தேகங்களில் தரையைப் பற்றிய சந்தேகம்தான் கடைசியில் வரும். ஆனால் குடும்பத்தில் அதிகமான சண்டையைக் கிளப்புவதும் அதுதான். வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றிப் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஒருவருக்குக் கிரானைட் வேண்டும். இன்னொருவருக்கு டைல்ஸ்தான் வேண்டும். காலுக்கு எது சுகம் என்று யாரும் கேட்பதில்லை. வருகிறவர் கண்ணுக்கு எது பளபளக்கும் என்பதே கேள்வி. மனிதனுக்கு அதனால் மோசமில்லை. அவனுக்குச் செருப்பு இருக்கிறது, பாய் இருக்கிறது, கட்டில் இருக்கிறது. பிறந்தது முதல் சாகிற வரையில் வயிற்றைத் தரையோடு வைத்து வாழ்கிற ஜீவனுக்குத் தரையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தால்? அப்போதும் நாம் நம்முடைய கண்ணைத்தான் கேட்கிறோம்.

பக்கத்துத் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் மலைப்பாம்பு வளர்க்கிறான். நம் காட்டு மலைப்பாம்பு அல்ல. அதை வீட்டில் வைத்திருந்தால் சட்டம் சும்மா விடாது. இது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜாதி. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் பந்து மலைப்பாம்பு என்று அதற்குப் பெயர். வன உயிர் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024-இல் விதிகள் வந்த பிறகு, இப்படிப்பட்ட அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவன் அப்பா அதை முறையாகச் செய்திருக்கிறார்.

கண்ணாடிப் பெட்டி. உள்ளே சுத்தமான வெள்ளைக் கூழாங்கல். நகைக் கடை ஜன்னல் மாதிரி இருந்தது.

"மாமா, சட்டை துண்டு துண்டா உரியுது. வால் நுனியிலே ஒட்டிக்கிட்டே இருக்கு. ஏன் மாமா?" என்றான் பையன்.

"இத்தனை செலவு பண்ணி வாங்கினோம். வந்த இடம் பிடிக்கலையோ என்னமோ!" என்றார் அவன் அம்மா.

அந்த அம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான் சரியான விடை. வந்த இடம்தான் பிடிக்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் இந்தப் பாம்பு எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிக்கிறது. புற்று எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் ஊற்றி மஞ்சள் பூசுகிற ஊர் நம்முடையது. வெளியே வெயில் கொளுத்தினாலும் புற்றுக்குள் இருட்டும், ஒரே சீரான ஈரப்பதமும் இருக்கும். அந்த ஈரம் இருந்தால்தான் பாம்புச் சட்டை முழுசாகக் கழலும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு உரிந்து வர வேண்டும். ஈரம் போதாவிட்டால் அது கண்ணிலேயே தங்கிவிடும். வால் நுனியில் வளையமாக ஒட்டிய தோல் இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, நுனியே பட்டுப்போகவும் கூடும். வெள்ளைக் கல்லோ துளி ஈரத்தைத் தாங்காது. அது நம் கண்ணுக்குப் போட்ட தரை.

அப்படியானால் எதைப் பரப்புவது? தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மரவாடியிலிருந்து மரத்தூள் கொண்டுவரலாம் என்றார் ஒருவர். அந்தத் தூசி மூச்சில் ஏறும். தேவதாரு, பைன் போன்ற வாசனை மரங்களின் எண்ணெய் ஊர்வனவற்றுக்கு விஷம். வேங்கிக்கால் ஏரி வண்டலைப் போடலாம் என்றார் இன்னொருவர். வயலுக்கு அது அமுதம். ஆனால் பூச்சிமருந்தும் சாக்கடையும் கலந்ததா இல்லையா என்று யார் கண்டது? பழைய செய்தித்தாள் மலிவு, சுத்தம். புதிதாக வந்த பிராணியையோ, நோய்ப்பட்ட பிராணியையோ சில வாரம் கவனித்துப் பார்க்க அதைவிட நல்லது இல்லை. எச்சம் உடனே கண்ணில் படும். ஆனால் ஈரம் காக்காது, புதைந்துகொள்ளவும் உதவாது.

விடை நம் ஊர்த் தென்னந்தோப்பிலேயே இருக்கிறது. கயிறு திரிக்க மட்டையை அடித்தபின் மிஞ்சுகிற தேங்காய் நார்க்கழிவு ஒரு காலத்தில் சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்த குப்பை. இன்று பொள்ளாச்சிப் பக்கம் அதைக் கழுவி, உலர்த்தி, செங்கல்லாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். வெளிநாட்டில் பாம்பு வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கிப் பரப்புவது அதைத்தான். உப்புப் போகக் கழுவிய கட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். பிழிந்தால் சொட்டக் கூடாது. மூன்று நான்கு அங்குலக் கனம் போதும். சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். எச்சத்தை அன்றன்றே அள்ளி, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற வேண்டும்.

இதை எல்லா ஜீவனுக்கும் பொது விதியாக்கிவிடக் கூடாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய வறண்ட பகுதிகளில் திரியும் சிறுத்தைப் பல்லிக்கு ஈர நார் பரப்பினால் அது வேறு துன்பம். பாலைவனப் பிராணிதானே என்று ஆற்று மணலைக் கொட்டினாலும் தவறு. அது வாழ்வது இறுகிய களிமண்ணிலும் பாறையிலும். குட்டி இரையோடு சேர்த்துப் பொடிமணலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் நான் கண்ட நல்ல பாடம் கண்ணாடிப் பெட்டியில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோன பிறகு, இருளர்களின் பிழைப்புக்காக 1978-இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து விஷம் எடுக்கிறார்கள். நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. அங்கே பாம்புக்கு வீடு எது தெரியுமா? மண்பானை. பாதி அளவுக்கு மண். வாயில் ஒரு துணிக் கட்டு. பானையின் சுவர் குளிர்ச்சி காக்கிறது, உள்ளே இருட்டு, வயிற்றுக்குப் பழகிய மண். புற்றையே சிறிதாக்கி வைத்ததுபோல. 2023-இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்த மரபில் வந்தவர்கள். 2017-இல் அமெரிக்காவின் ப்ளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு தேடிக் கொடுத்தவர்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாம்பைத் தவிர வேறு யாராவது அறிந்திருந்தால் அவர்கள் இருளர்கள்தான்.

ஆனால் அந்தப் பானையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வாரம் ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுத்ததும், அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் சிறு கத்தரிப்புச் செய்து, பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அத்தனை பொருத்தமான மண்ணும் நான்கு வாரத்துக்குத்தான். நம் பையனின் பாம்போ இருபது முப்பது வருஷம் இருக்கக்கூடியது. அவன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்ட பிறகும் யாராவது அந்த நாரை நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். திருவண்ணாமலையை விட்டு அவன் போனால் அந்த வேலை யாருக்கு வரும் என்பது அவன் அம்மாவுக்கு இப்போதே தெரியும்.

அதிர்ஷ்டம் என்று சொல்லி நட்சத்திர ஆமையை ரகசியமாக வாங்குகிற பெரிய மனிதர்களும் நம்மிடையே உண்டு. அதற்கு என்ன பரப்பலாம் என்று கேட்டால் பதில் சுருக்கமானது: புல்லும் முள்ளுமாக அது பிறந்த புதர்க்காடு. வீட்டில் வைப்பது குற்றம். 2019 முதல் அதன் சர்வதேச வியாபாரமும் தடைப்பட்டிருக்கிறது.

சட்டம் அனுமதிக்கிற பிராணியாகவே இருக்கட்டும். குழந்தை ஆசைப்படுகிறது என்று கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், இது எந்த மண்ணில் கிடந்த உயிர் என்று கேட்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்பிவிடலாம். தெரிந்திருந்தால், அந்த மண்ணை முப்பது வருஷம் நம் வீட்டில் யார் மாற்றுவார்கள் என்பதையும் அங்கேயே நின்று யோசித்துவிடுவது நல்லது.