முங்கேரில் ஒரு துப்பாக்கிக் கட்டை

வடக்கே யாத்திரை போகிறவர்கள் கங்கா தீர்த்தச் செம்புடன் திரும்புவது வழக்கம். நாமோ போகும்போதே உடைந்த துப்பாக்கி ஒன்றைச் சுமந்துகொண்டு போனோம். நேயர்கள் திடுக்கிட வேண்டாம்! உரிமமும் பிரயாண அனுமதியும் கையில் இருந்தன. அது நம் பாட்டனாருடையது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் செய்த இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது வெறும் ஞாபகப் பொருளாகிவிட்டது. ஆயினும், தோளில் பதியும் மரக்கட்டையைச் செல் அரித்து, அது இரண்டாக முறிந்தபோது, வீட்டுப் பெரியவர் ஒருவரே சாய்ந்துவிட்டாற் போலிருந்தது. பழைய உருவம் மாறாமல் புதுக் கட்டை பொருத்த முங்கேரில் ஆள் உண்டு என்று அன்பர் ஒருவர் சொன்னார்.

ஜமால்பூரில் இறங்கினால் 1862-இல் ஏற்பட்ட ரயில்வே தொழிற்சாலை. அங்கிருந்து சில மைல் சென்றால் முங்கேர். பாறை மேட்டின்மீது கோட்டை. அதன் மேற்குப் புறத்தைக் கங்கையே அகழியாய்க் காக்கிறது. 1760-இல் வங்காள நவாபான மீர் காசிம், கம்பெனியாரின் கண்ணுக்கு எட்டாத இடமென்று மூர்ஷிதாபாத்தை விட்டு இங்கே தலைநகரை மாற்றினான். ஆர்மீனியத் தளபதி குர்கின் கானைக் கொண்டு துப்பாக்கிப் பட்டறைகளை அமைத்தான். 1763-இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு வருஷம் பக்சாரில் எல்லாம் முடிந்தது. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்து, நம் நாட்டார் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது என்றது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது! 1934 ஜனவரி 15-ஆம் தேதிப் பூகம்பம் ஊரையே இடித்துத் தள்ளியது. இத்தனைக்கும் பிறகு அந்தக் கைத்தொழில் அங்கே உயிரோடிருக்கிறது.

நம்மை வரவேற்ற மிஸ்திரி முதியவர். அந்தத் துப்பாக்கியின் பழைய விலைப்பட்டியலிலிருந்து பிரதி எடுத்த படத்தைப் பெருமையுடன் நீட்டினோம். ஒரு தரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

"பாபுஜி, படம் பக்கவாட்டை மட்டும் காட்டும். ஒடிந்த துண்டுகள் எங்கே?" என்றார்.

நல்லவேளை! குப்பையில் எறிய இருந்தவற்றை வீட்டு அம்மாள்தான் துணியில் முடிந்து கொடுத்திருந்தாள். முதியவர் அவற்றைப் பசையிட்டு ஒட்டினார். செல் தின்ற பள்ளங்களை மெழுகினால் நிரப்பினார். ஒரு முனையில் குழலைத் தாங்கும் இரும்பு, மறு முனையில் தோளைத் தொடும் இரும்புத் தகடு. இரண்டும் பழையவையாதலால் நீளம் பிசகவில்லை. விசையிலிருந்து தகடு வரை பதினாலு அங்குலம். புதுக் கட்டைக்கு நன்கு உலர்ந்த அக்ரோட்டு மரம். இரும்பில் விளக்குப் புகையைப் பூசி மரத்தில் அழுத்துவார், கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவுவார், மறுபடி அழுத்துவார். அவசரமே இல்லை. கடைசியில் ஆளிவிதை எண்ணெயைத் துளித் துளியாக உள்ளங்கையால் தேய்ப்பாராம்.

அதற்கு முன்பே, ஒட்டிய கட்டையைக் குழலுடன் பொருத்திக் குழலின் நடுவே நூல் பிடித்துப் பார்த்தவர் புன்னகை செய்தார். வலக்கைக்காரருக்குச் செய்த கட்டை சற்று வலப்புறம் ஒதுங்கியிருக்குமாம். இதுவோ கால் அங்குலம் இடப்புறம் சாய்ந்திருந்தது.

"உங்கள் தாதாஜி இடத் தோளில் வைத்துச் சுட்டவர்" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். நம் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் உண்டு. அதில் பாட்டனார் துப்பாக்கியை இடத் தோளில் வைத்துக் குறி பார்க்கிறார். படம் பிடித்தவன் இடவலம் மாற்றி அச்சிட்டுவிட்டான் என்று மூன்று தலைமுறையாக அவனைப் பரிகசித்து வந்தோம். பாவம், அவன் பேரில் குற்றமில்லை!

விலைப்பட்டியலின்படி செய்திருந்தால் துப்பாக்கி அழகாகத்தான் இருந்திருக்கும்; பாட்டனாருடையதாக இருந்திராது. ஒடிந்த துண்டுகளை என்ன செய்வது என்று கேட்டோம். துணியில் பழையபடி முடிந்து நம் கையிலேயே கொடுத்தார் முதியவர்.

"அடுத்த தடவை ஒடிந்தால் வேண்டியிருக்கும்" என்றார்.